தாத்தா என்ன படித்தார்?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் கூட்டமாகத்தான் இருக்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் இதெல்லாம் வழக்கமானது. அதோடு முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அதற்கான விண்ணப்பத்தில் பையனின் மார்க்கைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. அப்பா என்ன படித்தார், அம்மா என்ன படித்தார், தாத்தா பாட்டி என்ன படித்தார்கள், கூடப் பிறந்தவர்கள் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா என்று வீட்டில் ஒவ்வொருவராக விசாரிக்கிறது. யாருமே பட்டம் வாங்கவில்லை என்று வருவாய்த் துறை உறுதி செய்தால், கவுன்சலிங் வழியாகப் பொறியியல் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். 2010-ல் வந்த திட்டம் இது. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான்.

இட ஒதுக்கீடு பற்றிய சண்டையில் இந்த விண்ணப்பத்தை யாரும் குறிப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் மொத்த சண்டையின் முடிச்சும் இதில்தான் இருக்கிறது. பணம் இருக்கிறதா என்று வருமானச் சான்றிதழ் கேட்கிறது, ஊர் எங்கே வைத்திருந்தது என்று சாதிச் சான்றிதழ் கேட்கிறது, வீட்டில் விஷயம் தெரிந்த ஆள் யாராவது இருந்தார்களா என்று இந்தத் தாள் கேட்கிறது. மூன்றும் வேறு வேறு சொத்து. மூன்றும் பிறப்பால் வருவது.

விஷயம் தெரிந்த ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, பொறியியல் கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் அந்த இரண்டு மூன்று நாட்களைக் கவனித்தால் போதும். ஒரே கட்-ஆஃப் வாங்கிய இரண்டு பேர். ஒருத்திக்குச் சித்தப்பா ஐடியில் வேலை பார்க்கிறார். போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மார்க்கில் மூடியது என்று ஒரு எக்செல் ஷீட் போட்டு, நூறு நூற்றைம்பது சாய்ஸ்களை வரிசையாக அடுக்கிக் கொடுக்கிறார். இன்னொருத்தி பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் போய், பஸ் பின்னால் விளம்பரம் பார்த்த கல்லூரி, பக்கத்து ஊர் அக்கா படித்த கல்லூரி என்று பத்துப் பெயர் சொல்லி லாக் செய்துவிட்டு வருகிறாள். மார்க் ஒன்றுதான், சாதியும் ஒன்றாக இருக்கலாம், வருமானம்கூட ரொம்ப வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். நான்கு வருடம் கழித்து கேம்பஸ் இன்டர்வியூவில் தெரியும், யாருக்குச் சித்தப்பா இருந்தார் என்று.

சரி, மார்க்குக்கே வருவோம். 'கோட்டாவில் வந்தவன்', 'மெரிட்டில் வந்தவன்' என்று இரண்டு வகை மனிதர்கள் இருப்பது போலப் பேசுவது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. ஒரு பிரிவுக்குப் பின்னால் சலுகை இருக்கிறது, இன்னொன்றுக்குப் பின்னால் வெறும் உழைப்பு மட்டும் இருக்கிறது என்பது இதன் அர்த்தம். மருத்துவச் சேர்க்கையின் கதையை எடுத்துப் பார்த்தால் இது நிற்காது.

மருத்துவத்துக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வான நீட் தமிழ்நாட்டில் நிஜமாகவே நடைமுறைக்கு வந்தது 2017-ல். அதற்கு முன்னால் ப்ளஸ் டூ மார்க்தான். அந்தக் காலத்தில் பாலும் தேனும் ஓடியது என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அப்போதும் நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள்தான் மருத்துவ சீட்டுகளை அள்ளின; பிராய்லர் பள்ளிகள் என்று பெயரே உண்டு. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் அவை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அப்போதும் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உள்ளே போனார்கள். நீட் அந்தச் சிறிய கதவையும் சாத்தியது, அவ்வளவுதான். நீட்டின் விளைவுகளை ஆராய 2021-ல் மாநில அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் கணக்கு ஒன்று முக்கியமானது. மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் ஏற்கெனவே ப்ளஸ் டூ முடித்து, ஒரு வருடமோ அதற்கு மேலோ வீட்டிலிருந்து மறுபடி முயன்று வந்தவர்கள் 2016-17-ல் 12.47 சதவீதம், 2020-21-ல் 71.42 சதவீதம். அதாவது பத்துக்கு ஏழு சீட் ரிப்பீட்டர்களுக்கு. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களின் பங்கு ஏறக்குறைய 25 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு இறங்கியது.

ரிப்பீட்டராக ஒரு வருடம் உட்காருவதற்கு என்னவெல்லாம் வேண்டும்? கோச்சிங் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு வருடம் சம்பாதிக்காமல், எந்தக் கல்லூரியிலும் சேராமல் இருந்தால் வீடு தாங்க வேண்டும். பெண் பிள்ளையாக இருந்தால், 'இன்னும் ஒரு வருஷமா?' என்று கேட்கும் சொந்தக்காரர்களைச் சமாளிக்க அப்பா அம்மாவுக்குத் தெம்பு வேண்டும். இதெல்லாம் சேர்ந்துதான் ரேங்க் பட்டியலில் ஒரே ஒரு எண்ணாக வந்து நிற்கிறது. அந்த எண்ணுக்கு மட்டும் சாதி, குடும்பம், ஊர் எதுவும் இல்லாதது போல நாம் 'மெரிட்' என்கிறோம்.

உச்ச நீதிமன்றமே இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. மாநிலங்கள் மத்தியத் தொகுப்புக்குக் கொடுக்கும் அகில இந்திய ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் ஓபிசிக்கு (இதர பிற்படுத்தப்பட்டோர்) 27 சதவீதம் கொடுத்தது செல்லும் என்ற 2022 ஜனவரித் தீர்ப்பில், போட்டித் தேர்வு மதிப்பெண் சில பிரிவினருக்குத் தலைமுறையாகச் சேர்ந்து வரும் சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களைக் காட்டுவதில்லை, தகுதி என்பதைச் சமூகச் சூழலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று எழுதியது. அந்த 27 சதவீதத்துக்கான சட்டப் போராட்டம் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2020-ல் தமிழகக் கட்சிகள் போட்ட வழக்கில் வேகம் எடுத்தது என்பது கூடுதல் தகவல்.

இட ஒதுக்கீட்டின் கணக்கே பலருக்குத் தெரியாமல்தான் சண்டை நடக்கிறது என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் 69 சதவீதம்: பிசி (பிற்படுத்தப்பட்டோர்) 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 15, அருந்ததியர் 3, எஸ்டி 1. மீதி 31 பொதுப் பிரிவு. இந்த 31 முன்னேறிய சாதியினருக்கான கோட்டா என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படி இல்லை. நூறு சீட் இருந்தால், ரேங்க் பட்டியலின் மேலிருந்து முதல் 31 பேர், யாராக இருந்தாலும், பொதுப் பிரிவில் போவார்கள். அதில் 25 பேர் பிசி, எம்பிசியாக இருந்தால் அந்த 25 பேரும் யாருடைய கோட்டாவையும் தொடவில்லை. அதற்கு அப்புறம்தான் மற்ற பத்திகள், அதாவது ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கிய இடங்கள், நிரம்பும். தமிழ்நாட்டில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். பொதுப் பிரிவின் பெரும்பங்கை பிசி, எம்பிசி மாணவர்களே எடுக்கிறார்கள். எனவே 'பிசி என்றால் மார்க் கம்மி' என்பது இங்கே பெரும்பாலும் வெறும் பேச்சு.

இந்தக் கடைசி வாக்கியத்தை எதிர்த் தரப்பினர் உடனே பிடித்துக்கொள்வார்கள். அப்படியென்றால் பிசிக்கு இன்னும் ஏன் கோட்டா? நல்ல கேள்வி. கத்தி மூடிவிடக் கூடாத கேள்வி. இதற்குப் பதில் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சென்னை மாகாணத்தின் கம்யூனல் ஜி.ஓ., அதாவது சாதி, மத வாரியாக இடம் பிரித்த அரசாணை, 14 சீட்டுகளை ஒரு அலகாக வைத்துப் பிரித்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. எல்லோருக்கும் பங்கு உண்டு, மிச்சம் என்று எதுவும் கிடையாது. 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்பட்டதாக வழக்குப் போட்ட செண்பகம், உண்மையில் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. அது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு தமிழ்நாட்டில் கிளர்ச்சி, முதல் அரசியல் சட்டத் திருத்தம், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு வழி விட்ட 15(4) பிரிவு எல்லாம் பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை 1970-ல் வருகிறது. சட்டநாதன் ஆணையம் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் யார் என்ன பெற்றார்கள் என்று கணக்கெடுத்தது. பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகள். அதில் வெறும் ஒன்பது சாதிகள், பிற்படுத்தப்பட்டோர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 11 சதவீதம் இருந்துகொண்டு, பிற்படுத்தப்பட்டோருக்குக் கிடைத்த மருத்துவ, பொறியியல் இடங்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டிருந்தன. பட்டியலுக்குள்ளேயே பரம்பரை அனுகூலம். வசதியானவர்களை விலக்க வேண்டும் என்று ஆணையம் சொன்னது. அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை, ஒதுக்கீட்டின் அளவை மட்டும் 25-லிருந்து 31 ஆக்கியது.

1979-ல் எம்.ஜி.ஆர். துணிந்தார். ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல், அதாவது மாதம் 750-க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு கிடையாது என்று அரசாணை வந்தது. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் திமுகவும் திராவிடர் கழகமும் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது: கிளார்க் வேலை பார்க்கும் அப்பாவின் மாதச் சம்பளம் அவர் சாதியை எப்படி மாற்றும்? முதல் முறையாகச் சம்பளம் வாங்க ஆரம்பித்த வீட்டிலிருந்துதான் ப்ளஸ் டூ வரைக்கும் பிள்ளை வரும். அந்த வீட்டை விலக்கிவிட்டால் பத்திக்கு ஆள் இருக்காது, இடம் காலியாகப் பொதுப் பிரிவுக்குப் போகும். 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுகவுக்குக் கிடைத்தது 2. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன, இந்திரா காங்கிரசும் திமுகவும் கூட்டணி வைத்திருந்தன. ஆனால் எம்.ஜி.ஆர். எடுத்த முடிவு தெளிவாக இருந்தது. வருமான வரம்பை வாபஸ் வாங்கினார், பிசி ஒதுக்கீட்டை 31-லிருந்து 50 ஆக்கினார். இன்றைய 69-க்கு அடித்தளம் அந்தத் தேர்தல் தோல்வி. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் இங்கே வசதியானவர்களை விலக்கும் கிரீமி லேயர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வருமானத்தால் பிரிக்காமல், சாதிக்குள் சாதியாகப் பிரித்துத்தான் தமிழ்நாடு இந்தச் சிக்கலைச் சமாளித்து வந்திருக்கிறது. 1987 வன்னியர் போராட்டத்துக்குப் பிறகு 1989-ல் எம்பிசிக்குத் தனி 20 சதவீதம். 2009-ல் எஸ்சிக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். அது சரியா என்று பதினைந்து வருடம் இழுத்தடித்து, 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. எம்பிசிக்குள் வன்னியருக்குக் கொடுத்த 10.5 சதவீத உள் ஒதுக்கீடு மட்டும், போதிய தரவு இல்லை என்று 2022-ல் விழுந்தது.

என் கருத்தைக் கேட்டால், பிசி பட்டியலில் இரண்டு தலைமுறையாக மருத்துவமனை நடத்தும் வீட்டுப் பிள்ளையும், அதே சாதியில் செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பத்தியில் நிற்பது நியாயம் இல்லை. அதைச் சொன்னால் இட ஒதுக்கீட்டுக்கே எதிரி என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். அதே சமயம், வருமான வரம்பு என்ற ஒரே கருவியை வைத்துக்கொண்டு வருபவர்களையும் நம்ப முடியவில்லை. வருமானச் சான்றிதழ் எப்படி வாங்கப்படுகிறது என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். மாதச் சம்பளக்காரரின் வருமானம் காகிதத்தில் முழுசாகத் தெரியும், வட்டிக்கடைக்காரரின் வருமானம் அவர் சொல்வதுதான்.

இந்த இடத்தில்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு எனக்குப் பிடித்த ஏற்பாடு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம். நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 ஆக்கியது. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா ஆளுநர் மாளிகையில் கிடந்தது. கவுன்சலிங் நெருங்கியதால் அக்டோபர் 29 அன்று அரசு நேரடியாக அரசாணையே போட்டது, மறுநாள் ஆளுநர் கையெழுத்து வந்தது. இது தனிப் பத்தி கிடையாது. ஒவ்வொரு பத்திக்குள்ளும் குறுக்கே போகும் கோடு: பிசிக்குள் 7.5, எஸ்சிக்குள் 7.5, பொதுப் பிரிவுக்குள்ளும் 7.5. அரசுப் பள்ளியில் படித்த பிசி மாணவி, கோச்சிங் போன பிசி மாணவனோடு மோத வேண்டியதில்லை. சாதிப் பத்திக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைச் சாதியை விட்டுவிடாமலே அளக்கிறது. பள்ளிக்கூடம் என்பது வருமானத்தைவிடப் பொய் சொல்லக் கடினமான ஆவணம்; ஏழு வருடம் அரசுப் பள்ளியில் படித்ததாக யாரும் ஒரு மாதத்தில் சான்றிதழ் தயார் செய்ய முடியாது.

இந்தச் சட்டத்துக்கு முந்தைய வருடம் அரசுப் பள்ளியிலிருந்து எம்பிபிஎஸ்ஸுக்குப் போனவர்கள் 6 பேர். 2020-ல் 300-க்கு மேல். கதை அங்கேயும் முடியவில்லை. முதல் கவுன்சலிங் நாட்களில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர், கட்டணத்தைக் கேட்டதும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினார்கள். ரேங்க் வந்து, சீட் வந்து, அப்புறம் பணம் இல்லை. செய்தி பெரிதான பிறகுதான் அந்தக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2021-ல் பொறியியல், சட்டம், வேளாண்மை, கால்நடை என்று நீட்டியபோது கட்டணத்தையும் சேர்த்தே அறிவித்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, மதிய உணவு உண்டு, ஊரில் அரசுப் பள்ளி இல்லாததால் கிறிஸ்தவ மிஷன் நடத்தும் உதவி பெறும் பள்ளிக்குப் போன கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு 7.5 கிடையாது. நகரத்தில் அரசு மாதிரிப் பள்ளியில் படிக்கும் ஊழியர் வீட்டுப் பிள்ளைக்கு உண்டு. எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் யாராவது அநியாயமாக நிற்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் இந்தக் கோட்டைச் சரி செய்வது அவ்வளவு கடினம் இல்லை.

மறுபக்கம், பரம்பரை அனுகூலத்துக்கென்றே வெளிப்படையாக ஒதுக்கப்பட்ட இடங்களும் இருக்கின்றன. அவற்றை யாரும் கோட்டா என்று கேலி செய்வதில்லை, பெயரிலேயே கோட்டா இருந்தாலும். மேனேஜ்மென்ட் கோட்டா, வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஐ கோட்டா. தனியார் கல்லூரிகளில் 15 சதவீதம் வரை என்ஆர்ஐ இடம் வைத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2005 இனாம்தார் தீர்ப்பு அனுமதித்தது. பஞ்சாப் அரசு 2024-ல் இதை வெளிநாட்டில் இருக்கும் மாமா, அத்தை, சித்தப்பா வரை நீட்டியபோது, இது மோசடி, இதை நிறுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் இன்னொன்று நடந்தது. முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாக இருக்கின்றன என்று நீட் பிஜி தகுதி வரம்பை ஒன்றிய அரசு பூஜ்ஜியம் பர்சன்டைல் ஆக்கியது. மைனஸ் மார்க் வாங்கியவர்களும் பணம் இருந்தால் கவுன்சலிங்குக்கு வரலாம். எஸ்சி மாணவர் இரண்டு மார்க் குறைவாக வாங்கினால் நோயாளியின் உயிரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அந்த வாரம் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

2019-ல் வந்த, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீத இடபிள்யூஎஸ் ஒதுக்கீட்டையும் இங்கே ஒரு வரி சொல்லிவிடலாம். ஏழைகளுக்கு என்றார்கள். எஸ்சி, எஸ்டி, ஓபிசி ஏழைகள் அதில் வர முடியாது. 2022 நவம்பரில் மூன்று நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள், தலைமை நீதிபதி லலித்தும் நீதிபதி ரவீந்திர பட்டும் இந்த விலக்கலைக் காரணம் காட்டி மறுத்தார்கள். தமிழ்நாடு தன் இடங்களில் அதை நடைமுறைப்படுத்தவில்லை.

7.5 சதவீதச் சட்டத்தை 2022 ஏப்ரலில் உறுதி செய்த சென்னை உயர் நீதிமன்றம், ஐந்து வருடத்துக்குள் மறுஆய்வு செய்ய வேண்டும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. அந்த மறுஆய்வில் எல்லோரும் சேர்க்கை மார்க்கைத்தான் எடுத்து வைத்துப் பேசப்போகிறார்கள். அதைவிட உபயோகமான தகவல் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பதிவுகளில் இருக்கிறது. 2020-ல் சேர்ந்த முதல் பேட்ச், நாலரை வருடப் படிப்பையும் ஒரு வருடப் பயிற்சியையும் கூட்டினால் 2026 வாக்கில் டாக்டராக வெளியே வருகிறது. அதில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே அனாட்டமி, பிசியாலஜி தேறினார்கள், ஆங்கிலத்தில் பாடம் புரியாமல் எத்தனை பேர் முதல் வருடத்தில் தடுமாறினார்கள், இறுதி வருடத்தில் அந்த இடைவெளி எவ்வளவு குறைந்தது என்பதைப் பள்ளி வாரியாக, பத்தி வாரியாக வெளியிட்டால், உதவி பெறும் பள்ளிகளைச் சேர்ப்பதா, 7.5-ஐ கலையரசன் குழு சொன்ன 10 ஆக்குவதா என்பதை எண்களை வைத்தே பேசலாம்.